கீழக்காட்டாளின் கலயம்

வெள்ளக்கரையில் இன்றைக்கும் பிள்ளைகளின் வயசைச் சொல்லும்போது கீழக்காடு எழுந்து வந்ததற்கு முன்னால், எழுந்து வந்ததற்குப் பின்னால் என்றுதான் சொல்கிறார்கள். கண்மாய் உடைந்த வருசத்தையும் கரண்டு வந்த வருசத்தையும் மறந்துபோனவர்கள்கூட, தாலுகா ஆபீஸ் வாசலில் போட்ட உண்ணாவிரதப் பந்தலுக்கு ஒரு நிலம் பெண்ணாகக் கலயத்தைச் சுமந்துகொண்டு நடந்து வந்ததை, நேற்றுப் பெய்த மழையைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. யாரைத் தேடி வந்தது என்பதில்தான் இன்றுவரை வழக்கு.

முதலில் வந்தது வைரக்கண்ணுவிடம். அதை ஊரே பார்த்தது, வைரக்கண்ணுவும் பார்த்தார், அதுதான் அவரை உள்ளுக்குள் கொன்றது.

கீழக்காடு என்பது கண்மாய்க்குக் கிழக்கே கிடக்கும் செம்மண் பூமி. ஊர்க்காரர்களின் பாட்டன்மார் உழுத அந்த மண்ணை மில்லுக்காரர் தன் சமையல்காரன் பேரிலும் டிரைவர் பேரிலும் எப்போதோ செத்துப்போன மாமியார் பேரிலும் எழுதி வைத்து முள்வேலி போட்டிருந்தார். அந்த வேலியோடு மல்லுக்கட்டியே வைரக்கண்ணுவின் ஆயுசு போனது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மீதிப் படிப்பையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் கொடுக்கும் துண்டறிக்கைகளில் படித்தவர் அவர். மறியல் செய்தார், மனுக் கொடுத்தார், மூன்று ஜெயில் பார்த்தார், லத்தி விழுந்த தோள் மழைக்காலத்தில் வலிக்கும். நடுவில் சங்கம் இரண்டாக உடைந்து கொடியைப் பங்கு வைத்தார்கள், கூட நின்றவர்களில் பாதிப்பேர் மில்லுக்காரரின் மில்லிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள், கோஷம் போட்டுப் போட்டு அவர் குரல் உடைந்த பானையைத் தட்டியதுபோல ஆனது. ஆனாலும் ஊருக்குள் அவர் நடந்து போனால் பீடியை மறைக்கிறவர்கள் இருந்தார்கள். தலைவரே என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

அந்தச் சித்திரையில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்து உட்கார்ந்தார்கள். தண்ணீரும் குடிப்பதில்லை என்று முடிவு. பந்தலில் ஆள் குறைகிறது என்று வைரக்கண்ணு தன் மச்சினன் மாயழகையும் வீட்டிலிருந்து இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். மாயழகு அவருடைய மனைவி சீனியம்மாளின் தம்பி, கல்யாணம் ஆகாதவன், எந்த ஊர்வலத்திலும் பாதி வழியில் டீக்கடைக்குள் நுழைந்துவிடுகிறவன்.

உண்ணாவிரதம் இருப்பது பெரிய காரியமில்லை, அதை முடிப்பதுதான் வித்தை என்பதை வைரக்கண்ணு அனுபவத்தில் அறிந்திருந்தார். யார் கையால் எலுமிச்சம்பழச் சாறு வாங்கிக் குடிக்கிறோம் என்பதில்தான் போராட்டத்தின் மானம் இருக்கிறது. தலையாரி கையால் குடித்தவன் தோற்றவன். தாசில்தார் கையால் குடித்தவனுக்குப் பத்திரிகையில் படம் வரும். இரண்டு பக்கமும் பேசி, தாசில்தார் நாலாம் நாள் சாயங்காலம் வருவார், சாறு கொடுப்பார், கீழக்காட்டைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாக மைக்கில் சொல்வார் என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. போட்டோக்காரர்கூட வந்து புளியமரத்தடியில் காத்திருந்தார்.

அப்போதுதான் அவள் வந்தாள். பக்கத்தில் பார்த்தால் கிழவி, தள்ளி நின்று பார்த்தால் குமரி. செருப்பில்லாத கால்கள் பங்குனித் தரைபோல வெடித்திருந்தன. இடுப்பில் ஒரு மண்கலயம், அதில் நீராகாரம். போலீஸ்காரர் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்று பிறகு அவர் சொன்னார். நேராக வைரக்கண்ணுவின் முன்னால் வந்து நின்று கலயத்தை நீட்டினாள்.

"குடி."

வைரக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். அவரை நீ, வா, போ என்று பேசுகிற பெண்பிள்ளை அந்த வட்டாரத்தில் கிடையாது.

"யாருத்தா ஒன்னைய அனுப்புனது? மில்லுக்காரரா?"

"ஒருத்தரும் அனுப்பல. தாகத்தோட உக்காந்திருக்கன்னு வந்தேன். குடி."

"தாசில்தார் வர்றாரு. அவரு கையாலதான் முடிக்கிறதுன்னு பேச்சு. நீ தள்ளிப் போத்தா, போட்டோ எடுக்குற எடம்."

அவள் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. அடுத்தவன் பக்கம் கலயத்தைத் திருப்பினாள். அடுத்தவன் மாயழகு. உதடு வெடித்து, கண் சொருகி, அத்தானுக்குப் பயந்து உட்கார்ந்திருந்த மாயழகு, யார் என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. கலயத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, தொண்டை ஏறி இறங்க, அடியில் கிடந்த சோற்றுப்பருக்கைவரை குடித்து, விரலை விட்டு வழித்து நக்கினான்.

"துரோகி!" என்று பந்தல் எழுந்தது. யாரோ அவன்மேல் செருப்பை எறிந்தார்கள். அந்தச் செருப்பு கீழே விழுவதற்குள் ஒரு மழை வாசனை வந்தது. முதல் மழை விழும்போது செம்மண்ணிலிருந்து எழும் அந்த வாசனை, தார் ரோட்டு நடுவில், ஒரு சொட்டு மழை இல்லாமல் வந்தது. கூலிக்கு அந்த மண்ணில் களையெடுத்த பெண்கள் முதலில் அடையாளம் கண்டார்கள். கெண்டைக்காலில் இருந்த பள்ளம் பழைய செங்கல் சூளைப் பள்ளம். கழுத்தோரம் மூன்று மச்சம், மேற்கு வரப்பில் நிற்கும் மூன்று பனை. உள்ளங்கை ரேகைகள் வரப்புகள், அப்படியே கோணல் மாறாமல். "அடியே, இது நம்ம கீழக்காடுல்ல!" என்றாள் ஒருத்தி, சந்தையில் சொந்தக்காரியைப் பார்த்துவிட்டவள்போல.

கீழக்காட்டாள் மாயழகின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். உண்ணாவிரதம் முறிந்துவிட்டது என்று தெரிந்து தாசில்தாரின் ஜீப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. வைரக்கண்ணு அன்று தானாகவே எழுந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். எத்தனை குடித்தும் தொண்டை நனையவில்லை.

அவள் மாயழகு வீட்டுக்குப் போய்விட்டாள். தாலி கட்டினானா என்று கேட்டவர்களிடம், கலயம் வாங்கிக் குடித்த பிறகு தாலி எதற்கு என்றாள். ஊர் அதை ஒத்துக்கொண்டது. வெள்ளக்கரை எதையும் ஒத்துக்கொள்ளும், உறவு முறை மட்டும் பிசகக்கூடாது. ஆகவே முதல் வாரம் முழுக்க அவளை யார் யார் என்னவென்று கூப்பிடுவது என்பதிலேயே கழிந்தது. மாயழகை மாமா என்கிறவர்களுக்கு அவள் அத்தை. சித்தப்பா என்கிறவர்களுக்குச் சின்னம்மா. சீனியம்மாளை அவள் மதினி என்றாள். வைரக்கண்ணுவுக்கு மச்சினனின் பெண்டாட்டி என்றால் தங்கச்சி முறை. டீக்கடையில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான், ஆனால் பெஞ்சில் இருந்தவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப தலைவரே, பொங்கலுக்கு நீங்க சீர் கொண்டுபோகணும்ல?"

"போங்கடா, போயி வேலையப் பாருங்கடா" என்றார் வைரக்கண்ணு.

மில்லுக்காரர் அந்த வைகாசியிலேயே டிராக்டரை இறக்கிப் பார்த்தார். கலப்பை கருங்கல்லில் உரசியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அளக்க வந்தவர்கள் சங்கிலி போட்டபோது வீட்டில் அம்மி அரைத்துக்கொண்டிருந்தவள் கூச்சம் தாங்காமல் விழுந்து விழுந்து சிரித்தாள், அவள் சிரிக்கச் சிரிக்க அளவு கூடியும் குறைந்தும் வந்தது, கடைசியில் அளவுக்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆழ்துளைக் குழாய் இறக்கிய அன்று அவளுக்குப் பல்வலி, குழாயில் வந்தது உப்புத்தண்ணீர். கோர்ட்டில் ஜெயித்த நிலத்தில் ஒரு கொத்துக் கீரை எடுக்க முடியாத மில்லுக்காரர், முட்டுகிற மாட்டை அவிழ்த்துவிடுகிறவர்போல வேலியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

வைரக்கண்ணுவின் ஆயுசு செய்ய முடியாததை ஒரு கலயம் நீராகாரம் செய்துவிட்டது. ஊர் ஆடிப் பாடியது. அவரும் கை தட்டினார், ஆனால் கை மட்டும்தான் தட்டியது.

அதற்குப் பிறகு ஊர் அவளோடு வாழப் பழகிக்கொண்டது. கீழக்காட்டில் ஒண்ணுக்குப் போகிறவர்கள் கண்மாய்க்கு மறுபக்கம் போனார்கள். எச்சில் துப்புமுன் ஒரு தடவை யோசித்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனபோது பிறந்த தேதி கேட்டார்கள், அவள் சொன்னதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் பற்றவில்லை, சரி சர்க்கரை மட்டும் வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். விதைப்புக் காலத்தில் பெண்கள் மாயழகு வீட்டு வாசலில் கூடுவார்கள். "ஆத்தா, சூளைப்பள்ளத்துக்குப் பக்கத்துல என்ன போட?" என்றால் அவள் கெண்டைக்காலைச் சொறிந்து பார்த்து, "இங்க அரிக்குதுடி, எள்ளு போடு" என்பாள். போட்டதெல்லாம் விளைந்தது. அவள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் வெள்ளிக்கிழமை, கீழக்காட்டுக்கு மட்டும் ஒரு பாட்டம் மழை பெய்யும். மற்றக் காட்டுக்காரர்கள் வரப்பில் நின்று பெருமூச்சு விடுவார்கள்.

பெருமூச்சு விட்டவர்களில் வைரக்கண்ணுவின் மூச்சுத்தான் நீளம். டீக்கடை மேற்கே இருந்தது, அவர் வீடு நடுத்தெருவில் இருந்தது, ஆனாலும் அவர் கிழக்குத் தெரு வழியாக மாயழகு வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் டீ குடிக்கப் போனார். போகும்போது பார்க்கமாட்டார், பார்க்காமலே எல்லாம் தெரியும். அவள் வகிடெடுத்திருப்பாள், வகிட்டில் குதிரைவாலிப் பயிர் பச்சையாக முளைத்திருக்கும். மாயழகு வாசலில் கால் நீட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், அவள் பனைமட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பாள், அந்தக் காற்று கீழக்காட்டில் கதிரை அசைக்கும். உட்கார்ந்து தின்கிறவன். கோஷத்துக்கு வாயசைத்துவிட்டுக் குரல் கொடுக்காதவன். நான்கு நாள் தாகம் பொறுக்காதவன். அவனுக்கா?

ஒருநாள் கண்மாய்ப் படித்துறையில் அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றார். மேடைக்கு முன்னால் தொண்டையைச் செருமுகிறதுபோலச் செருமினார்.

"என்னையத் தெரியுதா?"

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். "மதினி வீட்டு அண்ணேதான?"

"அதுக்கு முன்னாடி. அதுக்கு முன்னாடி தெரியுதான்னு கேக்கேன்."

அவள் யோசித்தபோது கண்மாய்த் தண்ணீர் அசையாமல் நின்றது.

"குரல் கேட்ட மாதிரி இருக்கு. வேலிக்கு அங்கிட்டு நின்னு சத்தம் போட்டது நீங்கதானா?"

"சத்தமா? ஒனக்காக மூணு ஜெயில் பாத்தவன் நான். ஒன் நாலு எல்லையும் சர்வே நம்பரும் எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"ஜெயில்ல நான் இல்லையேண்ணே" என்றாள் அவள், ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே. "ஒங்க காலு எனக்குப் பழக்கமில்ல. ஒரு நாளும் மிதிச்சதில்லையே."

அது உண்மை. கோர்ட்டுத் தடை இருக்கும்போது உள்ளே கால் வைத்தால் வழக்கு செத்துப்போகும் என்று வக்கீல் சொன்னதிலிருந்து, வைரக்கண்ணு அந்த வேலியை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. தன் கட்டுப்பாட்டை அவரே மேடைகளில் மெச்சிச் சொல்லியிருக்கிறார்.

"அவனை மட்டும் பழக்கமோ?"

"அவரு கடலை களவாங்க வருவாரு" என்று அவள் சிரித்தாள். "காவக்காரன் வர்றது தெரியாம தின்னுட்டு, இந்தா, இங்க" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், "இங்கதான் குப்புறப் படுத்துத் தூங்குவாரு. எச்சி ஒழுகும். எத்தனை வருசம்."

மாயழகு அப்படி ஒருதடவை பிடிபட்டபோது, இயக்கத்துக்குக் கெட்டபெயர் வாங்கிக் கொடுத்தாய் என்று ஊர்க்கூட்டத்தில் அவன் கன்னத்தில் அறைந்தவர் வைரக்கண்ணு. படித்துறையிலிருந்து திரும்பிய வழி முழுக்க அந்த அறை அவர் உள்ளங்கையில் எரிந்தது. அறைந்ததற்காக அல்ல, அப்போதே இன்னும் நாலு சேர்த்துப் போடாமல் விட்டதற்காக.

பொங்கல் வந்தது. சீர் கொண்டுபோகாமல் இருந்தால் ஊர் சிரிக்கும், கொண்டுபோனாலும் ஊர் சிரிக்கும். சீனியம்மாள் தட்டில் வெல்லமும் மஞ்சள் கொத்தும் ஒரு சேலையும் எடுத்து வைத்தாள். பச்சைச் சேலை, அரக்குக் கரை.

"எனக்கு எடுத்ததே இல்ல இப்பிடி ஒரு சேலை" என்றாள்.

"முறை செய்யப் போறம். வாய மூடிக்கிட்டு வா."

"எனக்கென்ன, நான் வாய மூடித்தான் குடும்பம் நடத்துனேன். கல்யாணம் ஆன அன்னிக்கி ராத்திரி என்ன பேசுனீங்க? கீழக்காடு. தூக்கத்துல என்ன பேரச் சொன்னீங்க? கீழக்காடு. சக்களத்தியோட சண்ட போட்டாலாவது தலைமுடியப் பிடிக்கலாம், அவ முடியெல்லாம் அங்க அருகம்புல்லா மொளச்சிருந்துச்சு. இன்னிக்கி அவ என் தம்பி வீட்ல இருக்கா. நான் இந்த வருசந்தான் நிம்மதியாத் தூங்குறேன், நீங்க தூங்கல."

சீரை வாங்கிக்கொண்ட கீழக்காட்டாள் அண்ணன் காலில் விழுந்தாள். தொட்டு ஆசீர்வதிக்கக் குனிந்த வைரக்கண்ணுவின் விரல்கள் அவள் கூந்தலில் பட்டன. பனியில் நனைந்த புல்லின் ஈரம். அந்தக் கையை அன்று முழுக்க அவர் கழுவவில்லை, சோற்றை இடது கையால் தின்ன முடியாது என்பதால் அன்று சாப்பிடவும் இல்லை.

மாசியில் அவருக்கு ஒரு நியாயம் கிடைத்தது. விளைச்சல் வீட்டுக்கு வந்த பிறகு மாயழகு கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போயிருந்தான். முதலில் எல்லோரும் உழுங்கள், எல்லோரும் அறுங்கள் என்றவன், "என் வீட்டுக்காரி மேலதான வெள்ளாமை எடுக்குறீங்க" என்று நாலு மூட்டைக்கு ஒரு மூட்டை கேட்க ஆரம்பித்தான். வெள்ளைச் சட்டை போட்டான். மில்லுக்காரர் உட்கார்ந்த அதே மோட்டார் ரூம் மேடையில், அவரைப்போலவே ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். வைரக்கண்ணுவுக்கு ஊற்றுத் திறந்ததுபோல எழுத்து வந்தது. ஒரே மூச்சில் துண்டறிக்கை எழுதி அச்சடித்தார். 'நிலம் எவனுக்கும் மனைவி அல்ல!' என்று தலைப்பு. புதிய பண்ணையார் என்றார், மஞ்சள் பூசிய அடிமைத்தனம் என்றார், வரலாறு மன்னிக்காது என்றார். எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வீடு வீடாக அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். படித்தவர்கள் மடித்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எல்லாம் சரிதான் தலைவரே" என்றார் டீக்கடைக்காரர், கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே. "கலயத்த ஒங்ககிட்டத்தான முதல்ல நீட்டுனா. அன்னிக்கி நீங்க குடிச்சிருந்தா, இந்த நோட்டீசு அடிச்சிருப்பீகளா?"

வைரக்கண்ணு டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பங்குனி முடியும்போது கீழக்காட்டாள் மறுபடி கிழவியாகத் தெரிய ஆரம்பித்தாள். தோல் வெடித்தது, வகிட்டில் பயிர் காய்ந்தது. ஒருநாள் அடுப்படியிலிருந்து அந்தக் கலயத்தை எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். மாயழகு பதறிப்போய் எதற்கு என்று கேட்டான். "வருசம் முடியுதுல்ல" என்றாள் அவள். "பொன்னேர் அன்னிக்கி மறுபடி குடுக்கணும். யாருக்குத் தாகமோ அவங்களுக்கு."

பொன்னேர் என்பது சித்திரையில் ஊர் மொத்தமும் ஏர் கட்டி முதல் சால் ஓட்டும் நாள். முதல் சால் ஓட்டுகிறவனுக்குத்தான் அந்த வருசத்து மரியாதை. அவள் சொன்னது அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது, அதோடு ஊரில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். கருவாட்டு விலை ஏறியது. உப்பைக் கல்லாகவே வாயில் போட்டு அடக்கிக்கொண்டு திரிந்தார்கள். மாயழகு வெள்ளைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மொட்டைப் பாறையில் வெயிலில் மல்லாந்து கிடந்தான். பெண்கள் குழாயடியில் குடத்தை வேண்டுமென்றே தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு, "என்ன மாமா, ஒரு வாயி?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

வைரக்கண்ணு ஒருவர்தான் குடித்தார். டீக்கடை வாசலில் எல்லோரும் பார்க்க நின்று, சொம்பைத் தூக்கி, மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இந்தக் கூத்துல பங்கில்ல" என்றார். அப்படிச் சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தாலுகா ஆபீஸ் தெருக்குழாயில் ஆரம்பித்த அந்தத் தாகம் ஒரு வருசமாக ஒரு சொட்டும் குறையவில்லை என்பது அவருக்கும் அந்தச் சொம்புக்கும்தான் தெரியும்.

பொன்னேர் அன்று காலையில் கீழக்காட்டின் மேற்கு வரப்பில், மூன்று பனைக்குக் கீழே, ஊர் கூடியது. டிராக்டர்களுக்கு மாலை போட்டிருந்தார்கள்; ஊரில் மிஞ்சியிருந்த ஒரே சோடி மாட்டுக்குக் கொம்பில் மஞ்சள் பூசி, ஏரில் பூட்டி முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஆண்கள் உதடு வெடிக்க வரிசையில் நின்றார்கள். வைரக்கண்ணு வேடிக்கை பார்க்க வந்தவர்போல வரப்பிலேயே, மண்ணில் கால் படாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

கிழவி கலயத்தோடு வந்தாள். ஒவ்வொருவன் முன்னாலும் நின்றாள், பார்த்தாள், நகர்ந்தாள். மாயழகு முன்னால் நெடுநேரம் நின்றாள். அவள் நீட்டுவதற்கு முன்னாலேயே அவன் கை நீட்டினான்.

"ஒனக்கு இப்ப தாகமில்லய்யா, பயம்" என்று அவன் தலையைத் தடவிவிட்டு நகர்ந்தாள்.

வரிசை முடிந்தது. அவள் திரும்பி வரப்பைப் பார்த்து நடந்தாள். நடக்க நடக்கக் கூன் நிமிர்ந்தது.

"நாக்கக் காட்டு" என்றாள்.

வைரக்கண்ணு டாக்டரிடம் காட்டுகிற பிள்ளைபோல வாயைத் திறந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கோடை உழவு காணாத கரம்பைப்போல அவர் நாக்கு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"யாத்தே" என்றாள் சீனியம்மாள், கூட்டத்துக்குள்ளிருந்து.

"ஒரு வருசமா இத வச்சுக்கிட்டா தெருத்தெருவா நோட்டீசு குடுத்த?" என்றாள் கீழக்காட்டாள். அண்ணே இல்லை. முறையெல்லாம் கலயத்தோடு போய்விட்டது. "இந்தா. குடி."

அதே சொல். அதே கலயம். நீராகாரத்தில் வானம் ஆடியது. அவர் கை துண்டை விட்டது, மேலே எழுந்தது, கலயத்தின் வயிற்றைத் தொட்டது. குளிர்ச்சி விரலிலிருந்து தோள்வரை ஏறி, லத்தி விழுந்த இடத்தின் வலியை அணைத்தது. இனி அவர்தான். முதல் சால் அவருடையது, வகிட்டில் பச்சை முளைக்கப் பார்த்துக்கொண்டு வாசலில் கால் நீட்டிச் சோறு தின்னப்போகிறவர் அவர்தான். வாயருகே கொண்டுபோனார்.

அப்போதுதான் அந்த விளிம்பைப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் மண் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஒரு வருசமாக மாயழகு தினமும் கஞ்சி குடித்த வாயின் அளவு. கலயத்தைத் திருப்பி மறுபக்கத்தில் குடிக்கலாம். ஆனால் தாலுகா ஆபீஸ் வாசலில் முதலில் குடித்தவன் அவன் என்பதை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்ற முடியாது. சாகிறவரை அவர் இரண்டாவது. நெஞ்சைத் தொட்டுக் காட்டி அவள் சிரித்த அந்தச் சிரிப்பு எச்சில் ஒழுகத் தூங்கியவனுக்கானது, அது இந்தக் கலயத்தில் இல்லை. தொண்டையிலிருந்து கசப்பாக ஒன்று ஏறி வந்தது, அது ஏறி வந்த வேகத்தில் பழைய மேடைக்குரலாக வெளியே விழுந்தது.

"வேண்டாம்!"

கலயத்தைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார்.

"நிலம் எவனுக்கும் பொண்டாட்டி இல்ல! ஒருத்தன் குடிச்சு ஊரே காஞ்சு கெடந்தது போதும்! உழுறவனுக்குத்தான் நிலம்! எனக்கு இந்தக் கலயம் வேண்டாம்!"

அரை நொடி கழித்துக் கூட்டம் வெடித்தது. விசில் அடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள், நாலு மூட்டைக்கு ஒரு மூட்டை அளந்து கொடுத்தவர்கள் அழுதார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில் கீழக்காட்டாள் அவர் காதருகே குனிந்தாள். மழை வாசனை அடித்தது.

"பொய்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஆனாலும் எங்கிட்ட ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்ன ஒரே ஆள் நீதான்."

கலயத்தைக் கவிழ்த்தாள். நீராகாரம் வரப்போரத்து மண்ணில் விழுந்து பரவியது. அவள் அந்த ஈரத்தின்மேல் கால் வைத்து உள்ளே நடந்தாள், நடுக்காட்டுக்குப் போய், களைத்தவள் படுப்பதுபோலக் கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். பிறகு அங்கே செம்மண் மட்டும்தான் இருந்தது.

முதல் சாலுக்கு ஆள் இல்லாததால் எல்லோரும் ஒரே சமயத்தில் ஏரையும் டிராக்டரையும் இறக்கினார்கள். அந்த வருசத்திலிருந்து இன்றுவரை கீழக்காட்டில் அப்படித்தான் உழுகிறார்கள். யாரும் யாருக்கும் மூட்டை அளப்பதில்லை. வைரக்கண்ணுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். மூன்று பனைக்குக் கீழே பந்தல் போட்டுத் தியாகி என்று மாலை போட்டார்கள், பள்ளிக்கூட வாத்தியார் அவர் துறவைப்பற்றி அரைமணி நேரம் பேசினார். வைரக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாலையின் மேலாக அவர் கண் வரப்பைத்தான் பார்த்தது. அங்கே மாயழகு அந்த ஈரத்திட்டின் பக்கத்தில் குப்புற விழுந்து, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான். அப்படி அழுவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டு அவர் மாலைக்குள் எரிந்தார்.

சித்திரை வெயிலிலும் அந்தத் திட்டுக் காயவில்லை. ஆடு படுக்காது, புல் முளைக்காது, எப்போதும் ஈரம். மறுநாள் மத்தியானம் ஊர் சாப்பிட்டுக் கிறங்கிக் கிடந்த நேரத்தில் வைரக்கண்ணு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, முதன்முதலாகக் கீழக்காட்டில் இறங்கினார். மண் சுட்டது. முழங்கால் போட்டார். கையை ஊன்றினார். மேடையில் எவனுக்கும் குனியாத தலையைக் குனிந்து, ஈரத்தில் வாயை வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது சீனியம்மாள் அடுப்படியில் இருந்தாள். எழுந்து கிட்டே வந்தாள், முந்தானையை எடுத்து அவர் மீசையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைத்தாள், துடைக்க வேண்டிய அழுத்தத்தைவிட ரொம்ப அழுத்தித் துடைத்தாள்.

"இந்த வீட்லயும் பானையில தண்ணி இருக்கு" என்றாள்.

மொண்டு கொடுத்தாள். அவர் குடித்தார். இன்னொரு சொம்பு மொண்டு கொடுத்தாள், அதையும் குடித்தார். பானையின் அடி தெரியும்வரை அவள் மொண்டுகொண்டே இருந்தாள், அவரும் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தார்.